பத்துக்கு எத்தனை?

டாக்டரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம் இருந்தது. வரிசையாக ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் அழுகிறது, நடுவில் உள்ளவை மாதக் கடைசியில் எங்கள் ஆசிரியர் அறை இருப்பதைப் போல இருக்கின்றன. "வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க" என்றார்.

நான் இருபத்து மூன்று வருடமாகத் தமிழ் ஆசிரியை. பத்துக்கு எத்தனை என்று யாராவது கேட்டால் என் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். கட்டுரைக்கு நான் இதுவரை யாருக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. எவ்வளவு நன்றாக எழுதினாலும் எங்காவது ஒற்றை விழுங்கியிருப்பான், இல்லையென்றால் முடிவுரையை மறந்திருப்பான். என்னிடம் எட்டு வாங்கினால் பிள்ளைகள் வீட்டில் பாயசம் வைப்பார்கள். அதே கையால்தான் என் வலிக்கும் போட்டேன். முந்தைய இரவு மூன்று மணிக்குக் குளியலறைத் தரையில் என்னைச் சுருட்டிப் போட்ட வலி அது. நன்றாக யோசித்து, "ஆறு" என்றேன். என் கணக்கில் ஆறு என்பது பாராட்டு.

டாக்டர் 'மிதமான வலி' என்று எழுதி, இளஞ்சிவப்புத் திரவம் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"ஒம்பதுன்னு சொல்லியிருந்தா ஸ்கேனாவது எடுத்திருப்பாங்க" என்று வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். எனக்கு அடுத்து உள்ளே போன அம்மாளுக்குக் கணுக்காலில் சுளுக்கு. அவர் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது: "பதினொண்ணு போட்டுக்குங்க டாக்டர்."

இது வினைப்பயன் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இத்தனை வருடத்தில் சில ஆயிரம் விடுப்பு விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவது இரண்டே நோய்கள்: காய்ச்சல், வயிற்று வலி. காய்ச்சலை நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிடலாம் என்பதால் விவரமானவர்கள் வயிற்று வலிக்குத்தான் போவார்கள். 'எனக்குக் கடுமையான வயிற்று வலியாக இருப்பதால்' என்று தொடங்கும் ஒரு கடிதத்தைக்கூட நான் நம்பியதில்லை. மேட்ச் அன்றைக்கு மட்டும் எப்படியடா வலிக்கிறது என்று வகுப்பில் நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன். இப்போது அதே வரியை நான் எழுதி, தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு நிற்கிறேன். அவர் படித்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். மேலும் கீழும் பார்த்தார்.

"பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க, தமிழம்மா?"

இந்த வாசகத்தை என் கல்லறையில் பொறிக்கலாம். பார்த்தால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன், கன்னம் இருக்கிறது, குரல் மூன்றாவது வகுப்பறை வரை கேட்கும். நோயாளிக்கு வேண்டிய தோற்றப் பொருத்தம் ஒன்றுகூட எனக்கு அமையவில்லை.

என் அம்மாவிடம் மட்டும் இந்த எண் வியாபாரம் கிடையாது. 'எவ்வளவு வலிக்குது' என்று அவர் கேட்டதே இல்லை. 'எப்படி வலிக்குது' என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்லத்தான் நம்மிடம் சொல் கொட்டிக் கிடக்கிறதே. பல்லில் வந்தால் விண்விண். முட்டியில் வந்தால் குடைச்சல். கெண்டைக்காலில் உளைச்சல். இடுப்பில் பிடிப்பு. விலாவில் சுருக். வயிற்றுக்குள் போனாலோ தனி அகராதியே போடலாம்: பொருமல், உப்பிசம், மந்தம், கடுப்பு, முறுக்கல், பிசைதல், காந்தல், கவ்விப் பிடிப்பது, சுருட்டிப் பிடிப்பது, சும்மா கடமுடா என்று சத்தம் மட்டும் போட்டுவிட்டுப் போவது. சொல் மாறினால் அம்மாவின் வைத்தியமும் மாறும். பொருமினால் ஓமம். காந்தினால் மோர். முறுக்கினால் பெருங்காயம். மந்தம் என்றால் சுக்கு. ஒன்றுக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்குக் கொடுக்கமாட்டார்.

ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். வலியை எண்ணால் மட்டும் அளந்தால் போதாது என்று, நோயாளிகள் சொல்லும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து 1975-இல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். உலகம் முழுக்க வலி மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். எட்டாவதோடு நிறுத்திய என் அம்மா அந்த 78-ஐ அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்காமலே தாண்டிவிடுவார்.

அந்தத் தைரியத்தில் அடுத்த தடவை டாக்டரிடம் எண் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன். "சுருட்டிப் பிடிக்குது" என்றேன். கணினியில் 'பெயின்' என்று தட்டினார். "சில நேரம் காந்துது" என்றேன். 'பெயின்.' "விடியக்காலையில பிசையும், அப்புறம் அடிவயித்துல கவ்வும்." 'பெயின், பெயின்.' சங்கப் பாடலுக்குக் கோனார் உரை எழுதியவர்கள்கூட இவ்வளவு சுருக்கியதில்லை.

பிறகு சோதனைகள். ரத்தம், மலம், ஸ்கேன், மேலிருந்து ஒரு குழாய், கீழிருந்து ஒரு குழாய். கீழ்க் குழாய்க்கு முந்தைய நாள் ஒரு பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். எலுமிச்சைச் சுவை என்று அட்டையில் போட்டிருந்தது. எலுமிச்சை வழக்குப் போடலாம். அன்றிரவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. வீட்டில் ஒரே கழிவறை, வந்திருந்த நாத்தனார் குடும்பத்தோடு சேர்த்து ஏழு பேர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். எல்லாம் முடிந்து, என் பெருங்குடலைச் சுற்றிக்காட்டும் ஒரு சிடியைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் ஒழுங்கானவர். அதைக் கல்யாண சிடி இருக்கும் டப்பாவிலேயே பத்திரமாக வைத்தார். உறையில் இரண்டுக்கும் என் பெயரும் தேதியும்தான் எழுதியிருக்கிறது. பழைய கல்யாண வீடியோ பார்க்கலாமா என்று யாராவது ஆசைப்பட்டால் எனக்கு வேறு ஒரு வலி வரும்.

எல்லா அறிக்கையிலும் 'நார்மல்'. வீட்டில் இனிப்பு வாங்கினார்கள். நான் மட்டும் ஃபெயிலான பிள்ளை மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டி கிட்டி வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள், நானும் ஆசைப்படவில்லை. ஆனால் ஒரு சின்னப் புண், ஒரு சிவப்பு, தலைமையாசிரியரிடம் காட்ட ஒரு சாட்சி? ஒன்றும் இல்லை.

கடைசியில் ஒரு குடல் மருத்துவர்தான் பெயர் சொன்னார். ஐபிஎஸ். 'எரிச்சலுறும் குடல் நோய்க்குறி' என்று தமிழில் சொல்லலாம். எரிச்சல் குடலோடு நிற்காது என்பதால் மொழிபெயர்ப்பு அரைகுறைதான். அம்மா நான்கு எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போய், விசாரித்த சொந்தக்காரர்களிடமெல்லாம், "என் பொண்ணுக்கு ஐபிஎஸ்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் செஞ்சியிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "நாப்பத்தாறு வயசுலயாம்மா? பரவாயில்ல, சந்தோஷம். எந்த ஊர்ல போஸ்டிங்?"

இந்த நோயை உறுதி செய்வதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. அதன் பெயர் ரோம் விதிகள். ரோம் நகரில் நிபுணர்கள் கூடிப் பேசி வகுத்ததால் அந்தப் பெயர்; எனக்குப் பார்த்தது 2016-இல் வந்த நான்காம் பதிப்பு. கடந்த மூன்று மாதமாக, சராசரி வாரம் ஒருநாளாவது வயிறு வலித்திருக்க வேண்டும். வலி மலம் கழிப்பதோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், அல்லது போகும் தடவை மாறியிருக்க வேண்டும், அல்லது அதன் உருவம் மாறியிருக்க வேண்டும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வருகைப் பதிவேடு மாதிரிதான். என் வலியின் வருகை நூறு சதவீதம். கோடை விடுமுறையிலும் வரும்.

நோய்க்குக் காரணம் என்ன என்று கேட்டேன். சோற்றுக்கும் மலத்துக்கும் நடுவே சுமார் ஏழரை மீட்டர் குடல் இருக்கிறது, அதன் சுவரில் பத்து கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன, அதனால் அதை இரண்டாவது மூளை என்பார்கள் என்றார். குடலுக்குள் சின்ன பலூனை வைத்து ஊதிப் பார்த்திருக்கிறார்களாம். மற்றவர்கள் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லும் அளவிலேயே எங்களில் பலர் வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறார்களாம். அதாவது என் குடலில் காயம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் குடலில் காற்று நகர்ந்தால் அது செய்தியே ஆகாது. என் குடல் அதைச் சிவப்புப் பட்டை போட்டு நாள் முழுக்க ஓட்டுகிறது. தலையில் உள்ள மூளைக்குத் தேர்வு முடிவு, மாவட்டக் கல்வி அலுவலர் வருகை, மாமியார் போன் என்று எந்தக் கவலை வந்தாலும் கீழ் மூளைக்குத் தகவல் போய்விடும். கீழ் மூளையில் நடப்பது மேலேயும் போகும். இரண்டு மூளை இருந்தும் எனக்குக் கணக்கு வராது என்பது தனி வருத்தம்.

வயிற்றோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையில் ஒரு பத்தி குறைந்திருக்கும். தோள், முதுகு, இடுப்பு, முழங்கை என்று உடம்பு முழுக்க ஒரு உளைச்சலும் கூடவே வந்து குடியேறியது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் எட்டு மணி நேரம் நெல் அடித்த அசதி. ஒரு மூத்த மருத்துவர் என்னை நிற்கவைத்து, உடம்பில் பதினெட்டு இடங்களில் கட்டைவிரலால், நகம் வெளுக்கும் அளவுக்கு, அழுத்திக்கொண்டே வந்தார். பதினெட்டில் பதினொன்று வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. 1990-இல் அமெரிக்க வாத மருத்துவர்கள் வகுத்த கணக்காம். எனக்குப் பதினான்கு வலித்தது. எழுபத்தெட்டு சதவீதம், டிஸ்டிங்ஷன். வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே டிஸ்டிங்ஷனை இன்னொரு இளம் மருத்துவரிடம் பெருமையோடு சொன்னேன். "அந்த முறையை 2010-லயே மாத்திட்டாங்களே மேடம். இப்ப யாரும் அழுத்திப் பாக்கணும்னு இல்ல" என்றார். நான் பாஸானதும் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள். ஃபைப்ரோமயால்ஜியாவும் ஐபிஎஸ்ஸும் பலரிடம் ஜோடியாகவே வரும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. பத்துப் பொருத்தமும் பார்த்துச் சேர்த்துவைத்த ஜோடி.

பிரிஸ்டல் அட்டவணையைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது துரோகம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் லூயிஸ், ஹீட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1997-இல் மனித மலத்தை ஏழு வகையாகப் பிரித்து, படம் போட்டு வெளியிட்டார்கள். குடல் மருத்துவரின் அறைச் சுவரில் அது தொங்கியது. தொல்காப்பியர் ஏழு திணை வகுத்தார், இவர்களும் ஏழு வகுத்திருக்கிறார்கள் என்று மரியாதையோடு பார்த்தேன். முதல் வகை தனித்தனி உருண்டை, கொட்டைகளைப் போல. ஏழாவது முழுக்கத் திரவம். நடுவில் சிலவற்றை சாசேஜ் போல என்று விளக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் சாசேஜைக் கண்டவர்கள் கிடையாது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் அது ஏதோ வற்றல் வடகம் விளம்பரம் என்று நினைத்து, "இது எங்க கிடைக்கும் டாக்டர்?" என்று கேட்டுவிட்டார்.

தினமும் எண்ணைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அந்த அட்டவணையை நான் தமிழ்ப்படுத்தி, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஒன்று: ஆட்டுப் புழுக்கை. இரண்டு: கட்டிவெல்லம் ஒட்டியது. மூன்று: வெடித்த முருங்கைக்காய். நான்கு: நேந்திரம்பழம். ஐந்து: கிள்ளிப்போட்ட பக்கோடா மாவு. ஆறு: குழைந்த பொங்கல். ஏழு: கூழ். நான்குதான் உத்தமம். என்னிடம் திங்கள் இரண்டு, செவ்வாய் ஏழு, புதன் விடுமுறை, வியாழன் காலை ஒன்று, மாலை ஆறு. லாட்டரி எண் மாதிரி இருந்த அந்த நோட்டை, திருத்திய நோட்டுகளோடு சேர்த்து ஒருநாள் பத்தாம் வகுப்பில் விநியோகித்துவிட்டேன். வாங்கிய பையன் நல்ல பிள்ளை. மறுநாள் கொண்டுவந்து கொடுத்தான். "உங்க சமையல் நோட்டும்மா" என்றான்.

நோய் எனக்குத்தான், வைத்தியம் ஊருக்கே சொந்தம். பிரண்டைத் துவையல், அங்காயப் பொடி, கடுக்காய், மணத்தக்காளி வற்றல், தொப்புளில் விளக்கெண்ணெய், வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சாட்சி உண்டு: 'எங்க சித்தப்பாவுக்கு இதுலதான் சரியாச்சு.' அந்தச் சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இந்த விஷயத்தில் வள்ளுவர்தான் கண்ணியமானவர். 'மருந்து' என்று அதிகாரத்துக்குத் தலைப்பு வைத்துவிட்டு, ஒரு மருந்தின் பெயரையும் சொல்லாமல், 942 முதல் 947 வரை ஆறு குறளில் சாப்பாட்டைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறார். ஔவையாரும் நல்வழியில் தன் வயிற்றை நேருக்கு நேர் கூப்பிட்டு, உன்னோடு குடித்தனம் நடத்த முடியவில்லை என்று சலித்துக்கொண்டிருக்கிறார். அது பசியைப் பற்றிய பாட்டு என்று பாடம் நடத்துவேன். இப்போது நடத்தும்போது குரல் கொஞ்சம் உடைகிறது.

அம்மா விடாப்பிடியாகத் தொக்கம் எடுக்க அழைத்துப் போனார். எதையோ தின்றது வயிற்றில் சிக்கிக்கொண்டு வலிக்கிறது, அதை வெளியே எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது அந்த வைத்தியத்தின் தத்துவம். பெரியவர் ஒருவர் என் வயிற்றில் ஒரு குழாயை வைத்து வாயால் உறிஞ்சி, கண்ணை மூடி, தூ என்று தட்டில் துப்பினார். ஒரு கறித்துண்டு. நான் பிறந்ததிலிருந்து சைவம். பெரியவரை நான் பார்த்தேன். அம்மா பெரியவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "எங்கடி போய்த் தின்ன?" பஸ் ஏறி வீடு வந்து சேரும் வரை பேசவில்லை.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கம் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இந்த வயிற்றுக்கென்றே ஒரு சாப்பாட்டு முறை கண்டுபிடித்திருக்கிறார்கள். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்துக் காற்றாகும் சில சர்க்கரைகளைச் சில வாரம் ஒதுக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலருக்குப் பலன் தருகிறது, எனக்கும் ஓரளவு தந்தது. ஒதுக்க வேண்டிய பட்டியலைத்தான் அவர்கள் எங்கள் விழுப்புரத்துச் சமையலறையில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். வெங்காயம். பூண்டு. பருப்பு வகை. கோதுமை. பால். முந்திரி. மாம்பழம். இத்தனையும் எடுத்துவிட்டால் சாம்பாரில் மிச்சம் புளித்தண்ணீர், முருங்கைக்காய், பெருங்காயம், இறைவன் அருள்.

ஆறு வாரம் வெங்காயம் பூண்டு இல்லாமல் இருந்ததில் ஒரு எதிர்பாராத விளைவு. அக்கம்பக்கத்தில் என் மரியாதை உயர்ந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் நான் வெங்காயப் பச்சடியை மறுத்ததைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "தீட்சை வாங்கிட்டீங்களா?" என்று பயபக்தியோடு கேட்டார். இல்லை, வாயு என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பெண்கள் பேத்திக்கு வரன் அமையுமா என்று கேட்டு வந்தார்கள்.

மாத்திரைக் கதை சின்னது. ராத்திரி போட ஒரு சின்ன மாத்திரை எழுதினார்கள், அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துதான். அதைக் குறைந்த அளவில் கொடுத்தால் நரம்பு வழியாக வரும் வலி தணியும், குடலும் கொஞ்சம் நிதானப்படும். கடைக்காரத் தம்பி கூட்டத்துக்கு நடுவே, "டீச்சர், இது டிப்ரஷனுக்கு ஆச்சே, உங்களுக்கா?" என்று கேட்டார். பின்னால் நின்றவர் என் முன்னாள் மாணவரின் அப்பா. "பாவம், எங்க பையன் செட்டுக்குப் பாடம் எடுத்தவங்க" என்று தன் மனைவியிடம் சொன்னார். மாத்திரை கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நள்ளிரவுத் தரையில் படுக்கும் நாட்கள் பாதியாகக் குறைந்தன. மற்றவற்றுக்கு நான் பழகிக்கொண்டேன், அல்லது அவை என்னைப் பழக்கிவிட்டன.

பழகாதது பயணம் ஒன்றுதான். விழுப்புரத்திலிருந்து சென்னை வரை எந்த ஊர் எதற்குப் பிரசித்தம் என்று கேட்டால் மற்றவர்கள் கோயிலையும் ஓட்டலையும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஸ்தல புராணம் வேறு. எங்கே தாழ்ப்பாள் இருக்கிறது, எங்கே தண்ணீர் வரும், எங்கே காபி வாங்கினால்தான் சாவி தருவார்கள், எங்கே வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மா சில்லறை இல்லையென்றால் விடமாட்டார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருமுறை திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் பக்கத்தில் கீழ் மூளை அவசரக் கூட்டம் கூட்டிவிட்டது. கண்டக்டரிடம் போய் மெதுவாக நிறுத்தச் சொன்னேன். "அஞ்சு நிமிஷம்மா, மேல்மருவத்தூர் வந்துடும்" என்றார். அவர் சொன்ன ஐந்து நிமிடத்தில் நான் அறிந்த எல்லாத் தெய்வங்களையும், அறியாத சிலவற்றையும் கூப்பிட்டேன். மேல்மருவத்தூரில் இறங்கி ஓடிய என்னைப் பார்த்து, பின் சீட்டு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னா பக்தி பாரு" என்றாராம்.

அதிலிருந்து முடிந்த வரை ரயில்தான். இதில் நான் ஒருவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஒகில் சந்திர சென் என்ற வங்காளி 1909-இல் பலாப்பழத்தை நிறையத் தின்றுவிட்டு ரயில் ஏறியிருக்கிறார். அப்போது சாதாரணப் பெட்டிகளில் கழிவறை கிடையாது. அகமத்பூர் நிலையத்தில் வயிறு ஊதிப் போய் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். பாதியில் கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் வேட்டி என்று ஓடி, விழுந்து, ஆண் பெண் அத்தனை பேர் முன்னாலும் மானம் போய், ரயிலும் போய்விட்டது. ஆள் சும்மா இருக்கவில்லை. கார்டுக்கு அபராதம் போடச் சொல்லி சாகிப்கஞ்ச் அலுவலகத்துக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிவறை வந்ததற்கு அந்தக் கடிதம்தான் காரணம் என்று சொல்வார்கள். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இலக்கணப் பிழை மலிந்த கடிதம். என்னிடம் வந்திருந்தால் ஆறு போட்டிருப்பேன். அதனால் நடந்ததைப் பார்த்தால் ஏழு.

போன ஆனி மாதம் அம்மா ஒரு முடிவோடு வந்தார். "திருவதிகை போயிட்டு வரலாம். அப்பருக்கே வயித்து வலி தீந்த இடம்."

இந்தக் கதையை நான் வருடா வருடம் பாடமாக நடத்துகிறேன், ஆனால் நோயாளியாக அதுவரை படித்ததில்லை. 7ஆம் நூற்றாண்டு. தருமசேனர் என்ற பெயரில் சமணத் துறவியாகப் பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூரில், இருந்தவரைச் சூலை நோய் பிடிக்கிறது. கூட இருந்தவர்கள் தண்ணீரை மந்திரித்துக் குடிக்கவைக்கிறார்கள், மயிற்பீலியால் தடவிவிடுகிறார்கள். அந்தக் காலத்து 'எங்க சித்தப்பாவுக்குச் சரியாச்சு'. கேட்கவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்புகிறார். யாரை? சமையல்காரரை. வயிற்று வலிக்காரன் புத்தி எங்கே போகும் என்று எனக்குப் புரிந்தது. அக்கா திலகவதியார், நான் அங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட, இரவோடு இரவாக இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்தே திருவதிகைக்கு வருகிறார். வழியில் என்ன பாடுபட்டார் என்று சேக்கிழார் எழுதவில்லை. ஆண்பிள்ளைகள் எழுதும் வரலாற்றில் இதெல்லாம் வராது.

எனக்கு உறைத்தது இன்னொன்று. அவர் சமணத் துறவி. வெங்காயம், பூண்டைக் கையால் தொட்டிருக்க மாட்டார். அப்படியும் சூலை வந்திருக்கிறது. மெல்போர்னுக்கு இதை யாராவது எழுதிப்போட வேண்டும்.

கோயிலில் வெளிப்பிரகாரத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் அங்கே பாடிய முதல் பதிகத்தை அம்மா புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். நான் முதல் பாட்டிலேயே நின்றுவிட்டேன். நோய் வெளியே தெரியாமல் இருக்கிறது என்கிறார். வயிற்றுக்கு உள்ளே என்று இடம் சொல்கிறார். குடலோடு சேர்த்துக் கட்டி முடக்கிப் போடுகிறது என்று விதம் சொல்கிறார். பார்த்தால் நன்றாகத்தான் இருந்திருப்பார், பாவம். எந்த டாக்டரிடமும் நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கும் முன்னால் ஒருவர் எழுதிவைத்த கேஸ் ஷீட்டை, பத்து மதிப்பெண் நெடுவினாவாக மட்டும் நினைத்துக்கொண்டு, 'அணி நலம் பாராட்டுக' என்று கேள்வி கேட்டிருக்கிறேன்.

அம்மா திருநீற்றை என் வயிற்றில் பூசிவிட்டார். எப்படி இருக்கிறது என்றார். வலியே இல்லை. உண்மையாகவே இல்லை. கெடிலம் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.

திருவதிகை பண்ருட்டியை ஒட்டிய ஊர். சூலை தீர்த்த தலத்தைச் சுற்றி இந்த ஊர்க்காரர்கள் என்ன பயிரிட்டார்கள் தெரியுமா? பலாவும் முந்திரியும். ஆனி மாதத்துப் பண்ருட்டியில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மூக்கு வழி காட்டும். வண்டியில் பிளந்து வைத்திருந்த பழத்தில் சுளைகள் தேனாக நின்றன. அம்மா வாங்கினார். "சாமி கிட்ட போயிட்டு வந்திருக்கோம், ஒண்ணும் செய்யாது" என்று ஒரு சுளையை நீட்டினார். ஒன்று வாங்கினேன். இரண்டாவதை நானே எடுத்தேன். ஆறு சுளை வரை எண்ணிய ஞாபகம் இருக்கிறது.

பஸ் வேண்டாம், ரயிலில் போவோம் என்று சொல்லும் அளவுக்கு மேல் மூளை வேலை செய்தது. விழுப்புரம் போகும் பயணிகள் ரயிலில் கழிவறைக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தோம். கார்டு விசில் ஊதினார். ரயில் நகர்ந்து பத்து நிமிடம் இருக்காது.

"என்னடி, முகம் ஒரு மாதிரி ஆகுது. எப்படி இருக்கு?"

"முணுமுணுன்னு இருக்கும்மா."

"பொறு. அடங்கிடும்."

முணுமுணு கடமுடா ஆனது. கடமுடா முறுக்கலானது. எழுந்து, ஒகில் சந்திர சென்னை மனதில் கும்பிட்டுவிட்டு, நான்கு எட்டில் கழிவறைக் கதவை அடைந்தேன். உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன்.

"இருங்க" என்றது ஒரு ஆண்குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "பண்ருட்டியில பலா சாப்புட்டேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே முந்திரித் தோப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு யுகம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, அது முழுக்க வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றில்.

இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பத்துக்குப் பத்து போட்டேன்.